நேசனுக்குச் சுடாத பிஸ்கட்

புஸ்பத்துக்கு வாய் நீளம் என்பது தன்னாமுனையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முகத்துக்கு நேரேயே சொல்லுவார்கள். "ஓம், நீளந்தான், அதால உனக்கென்ன நோகுது?" என்று அவளும் கேட்பாள். மீன்காரனோடு மல்லுக்கட்டுவாள், கோயில் பங்குச் சபையோடு மல்லுக்கட்டுவாள், ஆளில்லாவிட்டால் மதிலில் நிற்கிற காகத்தோடாவது மல்லுக்கட்டுவாள். அப்பேர்ப்பட்ட வாய் ஒரே ஒரு விசயத்தை மட்டும் வெளியே விடவில்லை. அதை விடாமல் வைத்திருக்க அவளும் பக்கத்து வளவு இரத்தினம்மாவும் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொல்லாமல் புஸ்பத்தின் வாழ்க்கையைச் சொல்ல முடியாது.

அவள் பிறந்தது பழுகாமத்தில். தகப்பனுக்கு வட்டையில் நல்ல வயல், வீட்டில் நெல்லுக்குக் குறைவில்லை. அந்த வீட்டுக்குத்தான் பாண் ரொட்டிப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, வாவியைத் துறையில் கடந்து, அருமைநாயகம் வந்தான். சோறு தின்கிற வீட்டில் யார் பாண் வாங்கியது? புஸ்பம்தான் வாங்கினாள். வாங்கி மாட்டுக்குப் போட்டாள் என்று பிறகு தெரியவந்தது. "வேதக்காரனுக்கா பொம்புள குடுக்கிற?" என்று தகப்பன் துள்ளிக் குதித்தார். "பாண்காரனோட போறவள் பட்டினி கிடக்கமாட்டாள்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். ஞானஸ்நானத்தில் மேரி என்று பெயர் வைத்தார்கள். ஒருவரும் அப்படிக் கூப்பிடவில்லை.

தன்னாமுனையில் அவன் வீட்டின் பின்னால் மாமனார் கட்டிய போறணை, அதாவது பாண் சுடுகிற பெரிய செங்கல் அடுப்பு, இருந்தது. அந்த வீட்டுக்கு ஒரு வழக்கமும் இருந்தது. நத்தாருக்கு, யேசு பிறந்த நாளுக்கு, முதல் நாள் காலைப் பாண் முடிந்ததும் கடையைப் பூட்டிவிடுவார்கள். போறணைச் சூடு இறங்கும்வரைக்கும் வீட்டார் எல்லோரும் சேர்ந்து பிஸ்கட்டுக்கு மா குழைப்பார்கள். உள்ளே கையை நீட்டி 'அருள் நிறைந்த மரியே' செபத்தை முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை பொறுக்கமுடிந்தால் சூடு சரி. பாதியில் கையை இழுத்தால் இன்னும் கொஞ்சம் ஆறவேண்டும். புஸ்பம் வந்த வருசம் வேகவேகமாகச் செபத்தைச் சொல்லி முதல் தட்டைக் கரியாக்கிவிட்டாள். "மாதாவுக்கு அப்பிடி என்ன அவசரம் கா?" என்று மாமனார் கேட்டார். அதை வைத்தே கனகாலம் அவளைப் பகிடி பண்ணினார்கள்.

சுடுவது விற்கிறதுக்கு இல்லை, கொடுக்கிறதுக்கு. ஒழுங்கையில் இருக்கிற எல்லா வீட்டுக்கும், வேதக்காரரோ சைவக்காரரோ, தலைக்கு ஒரு பிஸ்கட். கைக்குழந்தைக்கும் ஒன்று உண்டு, அதைத் தாய் தின்னலாம். பிஸ்கட் மாவைக் குத்தாமல் போறணைக்குள் வைத்தால் பொங்கி விகாரமாகிவிடும். எப்படியும் குத்தத்தானே வேண்டும் என்று, மாமனார் கோணி ஊசியால் ஒவ்வொருவர் பெயரின் முதல் எழுத்தைக் குத்தத் தொடங்கியிருந்தார். அவருக்குப் பிறகு அந்த வேலை புஸ்பத்துக்கு வந்தது. அருமைநாயகம் சீனியையும் மாஜரினையும் உள்ளங்கையால் தேய்ப்பான். மூத்தவள் ஜெசிந்தா போத்தலால் மாவைத் தட்டையாக்குவாள். இளையவள் றீற்றா தம்ளர் விளிம்பால் வெட்டுவாள். புஸ்பம் ஊசியோடு குந்தியிருந்து, ஊரைப் பற்றி ஒரு பாட்டம் கதைத்துக்கொண்டே குத்துவாள். ஒழுங்கை முழுவதும் அவள் தலைக்குள் இருந்தது.

ஏறாவூர் பாறூக்குக்கும் ஒரு தட்டுப் போகும். போறணைக்கு விறகு தருகிறவன் அவன். அருமைநாயகமே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பான். பெருநாளைக்கு அதே தட்டில் வட்டிலப்பம் வரும்.

செத்தவர்களுக்கு மட்டும் பிஸ்கட் இல்லை. அது சட்டமில்லை, அப்படி நடந்துவந்தது. அதனால் அந்த ஒழுங்கையில் யாரும் போய்ச் சேர்ந்துவிட்டால், "அவருக்குப் பிஸ்கட் நிண்டுபோச்சு" என்று சொல்லுகிற வழக்கமே வந்துவிட்டது. முன்வீட்டுத் தங்கராசாவுக்கு வயது போய்க் கண்ணும் மங்கல். வருசாவருசம் தட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்கும் வந்திரிக்கு. அப்ப நான் இன்னும் சாகல்ல" என்று சிரிப்பார். பக்கத்து வளவு இரத்தினம்மாவுக்குச் சூறாவளி வருசத்தில் தட்டில் ஒன்று குறைந்தது. புருசன் வலைக்குப் போனவர், வாவி அவரைத் திருப்பித் தரவில்லை. தட்டை வாங்கி எழுத்துகளைப் பார்த்துவிட்டு, "சரி கா" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு மூன்று பிஸ்கட். அவளுக்கு, மகன் நேசனுக்கு, மகள் புவனாவுக்கு.

தொண்ணூறாம் ஆண்டு வந்தது. அந்த வருசத்தைப் பற்றி மட்டக்களப்பில் யாரிடம் கேட்டாலும் முதலில் தலையைக் குனிவார்கள். ஆனியில் ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை தொடங்கியது. ஆவணியில் தமிழ் ஊர்களிலும் சாவு, முஸ்லிம் ஊர்களிலும் சாவு. ஏறாவூருக்குப் போகிற றோட்டில் நாய்கூட நடக்கவில்லை. பாறூக் உயிரோடு இருக்கிறானா, அவன் பெண்சாதி பிள்ளைகள் இருக்கிறார்களா, ஒரு சேதியும் இல்லை. கேட்கவும் வழியில்லை, வாயுமில்லை. அங்கே தமிழர் பேரில் நடந்ததை நினைத்தால் எந்த முகத்தோடு கேட்பது?

புரட்டாதியில் ஆமிக்காரர் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்களையெல்லாம் வெளியில் குந்தவைத்து, முகத்தை மூடிய ஆட்காட்டி ஒருவன் முன்னால் நடத்திக்கொண்டு போனார்கள். மூடிய தலை நேசனுக்கு முன்னால் ஆடியது. ஏன் ஆடியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவன் இயக்கத்துக்கும் போகவில்லை, ஒரு மண்ணுக்கும் போகவில்லை. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த பொடியன். "விசாரிச்சுப்போட்டு விடுவம்" என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். இரத்தினம்மா அடுத்த நாளே முகாம் வாசலுக்குப் போனாள். "இஞ்ச அப்பிடி ஆக்கள் இல்ல" என்றார்கள். ஒவ்வொரு வெள்ளியும் மகனின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போய் நின்றாள். ஒவ்வொரு வெள்ளியும் அதே பதில்.

அதே முகாமுக்குத்தான் அருமைநாயகம் பாண் கொடுத்தான். கொடுத்தான் என்ன, கொடுக்கவைத்தார்கள். அவர்களே மா தந்தார்கள், காலையில் பெட்டியோடு அவன் போகவேண்டும். ஒழுங்கையில் சிலர் இதை முணுமுணுத்தார்கள். அவர்களுக்குப் புஸ்பம் கொடுத்த பதிலை இங்கே எழுதமுடியாது.

மாரி மழை தொடங்கிய நாட்களில் அருமைநாயகம் சாப்பாட்டை வெறுத்தான். சோற்றைப் பிசைந்துவிட்டுக் கையைக் கழுவிவிடுவான். புஸ்பமா சும்மா இருப்பாள்? கிணற்றடியில் அவன் மாப்படிந்த கைகளைக் கழுவும்போது பிடித்துக்கொண்டாள்.

"என்ன விசயம் எண்டு சொல்லுங்க. சொல்லாம இஞ்ச இரிந்து அசையமாட்டீங்க."

அவன் வாளியைக் கீழே வைத்தான். "வெறுஞ் சாக்கெடுக்கப் பின்பக்கம் போகச் சொன்னானுகள். அங்க உழவு மெசின் பெட்டியில ஏத்திக்கொண்டிருந்தானுகள். நம்முட மாச் சாக்கால மூடியிரிந்திச்சு. காத்துக்கு விலகிட்டு." திரும்பவும் கையைத் தேய்த்தான். பிறகு, "நேசன்ட முகம், புள்ள" என்றான்.

புஸ்பம் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கண்டத ஒரு ஆமிக்காரன் கண்டிட்டான். 'நீ ஒண்டும் பாக்கல்ல, ஊருக்குள்ள கதை வந்தா நீதான் சொன்ன' எண்டான். எனக்கு முன்னாலதான் புள்ள துவக்கத் தட்டிக் காட்டினான்."

"வராது. இந்த வாயால வராது" என்றாள் புஸ்பம். ஒழுங்கையில் யார் யாருக்குத் தகவல் கொடுக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? இரத்தினம்மாவுக்குச் சொன்னால் அவள் குழறி அழுவாள். எந்தத் தாய் குழறமாட்டாள்? குழறினால், செத்தது உனக்கு எப்படித் தெரியும், யார் சொன்னது என்ற கேள்வி அன்றைக்கே வரும். முகாமுக்குள் போய்வருகிறவன் இந்த ஒழுங்கையில் ஒருத்தன்தான்.

அன்றிலிருந்து புஸ்பம் நரகத்தில் இருந்தாள். வேலிக்கு அங்காலிருந்து இரத்தினம்மா, "இந்தக் கிழமை விடுவானுகள் எண்டு சொல்லுறாங்க புஸ்பம்" என்பாள். புஸ்பம், "ஓம் அக்கா, மாதா கைவிடமாட்டா" என்பாள். சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சீலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொள்வாள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. சண்டை பிடித்துத்தான் பழக்கம்.

நத்தார் வந்தது. வெடியும் வேண்டாம், சோடனையும் வேண்டாம் என்று பாதர் பூசையில் சொல்லிவிட்டார். பிஸ்கட்டும் வேண்டாம் என்றுதான் புஸ்பம் நினைத்தாள். அருமைநாயகம் விடவில்லை. "எப்பவும் சுடுற வீடு. இந்த முறை சுடாட்டி என்னத்துக்குச் சுடல்ல எண்டு கேப்பாங்க" என்றான். பயந்தவனுக்கு எல்லாவற்றிலும் பயம்.

முகாம் மாவில் மிஞ்சியதைக் குழைத்தார்கள். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் சந்தோசமாக இருந்தார்கள், பாவங்கள். வெட்டி முடித்தபோது றீற்றா கேட்டாள்.

"பாறூக் மாமா வீட்டுக்கும் குத்துறயாம்மா? அங்க ஆரு இரிக்காங்க எண்டு தெரியாதே."

"தெரியாட்டி எல்லாருக்கும் குத்து" என்றான் அருமைநாயகம். "செத்தது தெரிஞ்சாத்தான் நிப்பாட்டுற."

புஸ்பம் பாறூக்குக்குக் குத்தினாள், அவன் பெண்சாதி ஹஸீனாவுக்குக் குத்தினாள், பிள்ளைகளுக்கெல்லாம் குத்தினாள். கொண்டுபோய்க் கொடுக்கமுடியாத பிஸ்கட் என்று தெரிந்தும் ஒன்றும் விடாமல் குத்தினாள். பிறகு ஒழுங்கை வீடுகள். வழக்கமாகக் கதைத்துக்கொண்டே குத்துகிறவள் அன்றைக்கு ஒரு சொல்லும் பேசவில்லை. கை தன்பாட்டில் போனது. இத்தனை வருசமாக இருக்கிறவருக்குக் குத்தி, இல்லாதவரை விட்டுப் பழகிய கை. அது யாரிடம் கேட்கப்போகிறது?

தட்டுகளை அடுக்கி, ஜெசிந்தா பொலித்தீனால் மூடிக்கொண்டு வீடுவீடாகக் கொடுத்துவிட்டு வந்தாள். போறணையைக் கூட்டிக்கொண்டிருந்த புஸ்பம் நிமிர்ந்தபோது, இரத்தினம்மா பின்வாசலில் நின்றாள். தலையெல்லாம் மழை. தட்டைச் சீலைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள்.

"புஸ்பம், இதில ரெண்டுதான் இரிக்கு."

புஸ்பம் தட்டைப் பார்த்தாள். 'இ' இருந்தது. 'பு' இருந்தது. 'நே' இல்லை. ஐயோ, என் கையே! நீ வெட்டுப்பட்டுப் போ!

"மறந்திட்டன் அக்கா" என்றாள்.

"நீயா?"

"மழையும் குளிருமா... அவசரத்தில மறந்து..."

இரத்தினம்மா மேசையைப் பார்த்தாள். அங்கே பாறூக் வீட்டுத் தட்டு நிறைந்திருந்தது. கிட்டப் போய் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள்.

"ஏறாவூருக்கு ஒருவரையும் மறக்கல்ல. அங்க ஆரு செத்தது, ஆரு இரிக்கிற எண்டு உனக்குத் தெரியாது. எல்லாருக்கும் சுட்டிரிக்காய்." குரல் உயரவேயில்லை. "என்ட மகனுக்கு மட்டும் ஏன்கா சுடல்ல?"

புஸ்பத்தின் நீள வாய் திறந்தது. அந்த நேரம் பார்த்து அருமைநாயகம் விறகோடு உள்ளே வந்தான். தட்டைக் கண்டான், இரத்தினம்மாவைக் கண்டான். விறகு கையிலிருந்து விழுந்தது. அவன் மாச் சாக்கில் அப்படியே குந்திவிட்டான்.

இரத்தினம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகாமுக்குள் தினமும் போய்வருகிற மனிசன். வாசலில் தான் நிற்கும்போதெல்லாம், கொஞ்ச நாளாக, தன்னைப் பார்க்காமல் சைக்கிளை மிதித்துப்போன மனிசன்.

"நீங்க கண்டயளா?"

"ஓம். மாச் சாக்கால மூடியிரிந்திச்சு" என்றான். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "என்ன கொல்லுவானுகள் இரத்தினக்கா. கதை வெளியில போனா என்னக் கொல்லுவானுகள்" என்றான். அதைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு வெட்கமாக இருந்தது என்று புஸ்பத்துக்குத் தெரிந்தது. அவளுக்கும் வெட்கமாக இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் தங்கள் உயிரைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

இரத்தினம்மா சுவரோடு சாய்ந்து கீழே வழுகினாள். சீலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்தாள். உடம்பு முழுவதும் உதறியது, சத்தம் வரவில்லை. புஸ்பம் ஓடிப்போய்ப் பிடித்தாள். இரத்தினம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள். திரும்பவும் பிடித்தாள். திரும்பவும் தட்டிவிட்டாள். மூன்றாம் தரம் விட்டுவிட்டாள். ஒழுங்கையில் பூசைக்குப் போகிற சனத்தின் பேச்சுச் சத்தம் கேட்டது. ஊரடங்குக்கு முன்னால் முடிக்கவேண்டும் என்று பின்னேரமே பூசை வைத்திருந்தார்கள்.

கனநேரத்துக்குப் பிறகு இரத்தினம்மா தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

"உன்ட புள்ளைகளுக்குத் தகப்பன் வேணும். எனக்கு இல்லாமப் போனதுதான் போச்சு" என்றாள். பிறகு, "மா மிச்சம் இரிக்கா?" என்று கேட்டாள்.

ஒரு உருண்டை இருந்தது. அதை அவளே தட்டினாள், தம்ளரால் வெட்டினாள். கோணி ஊசியை வாங்கி, 'நே' என்று குத்தினாள். போறணைச் சூடு நன்றாக இறங்கிவிட்டிருந்தது. எவ்வளவு நேரம் வைத்தும் அந்தப் பிஸ்கட் சிவக்கவேயில்லை. வெளிறிப்போன அதைத் தட்டில் வைத்துக்கொண்டு எழும்பினாள். முகத்தைத் துடைத்தாள். ஒழுங்கைக்குப் போய் நடுவில் நின்றுகொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டாள்.

"இந்தப் புஸ்பத்துக்கு அறிவு மாறிப்போச்சு! வாறவன் வந்து எனக்கெங்க பிஸ்கட் எண்டு கேட்டா நான் என்ன சொல்லுற? என்ட மகனுக்குச் சுட மறந்திட்டாள்! நல்லா ஏசிப்போட்டு வாங்கிக்கொண்டு வாறன்!"

முன்வீட்டுத் தங்கராசா கதவடியில் நின்று சிரித்தார். "அவளுக்கு ஏச ஒரு ஆள் இப்பதான் பிறந்திரிக்கு" என்றார். போகிற சனமும் சிரித்தது. உள்ளே புஸ்பம் தரையில் கிடந்தாள்.

பாறூக்குடைய தட்டு மேசையிலேயே இருந்து பூஞ்சணம் பிடித்தது. அவன் இருக்கிறான், ஹஸீனா இல்லை என்ற சேதி அடுத்த மாரியில்தான் வந்தது.

இரத்தினம்மாவைப் பற்றி ஊரில் பெருமையாகச் சொல்லுவார்கள், அந்த மனிசி நம்பிக்கையை விடவில்லை என்று. நம்பிக்கையாம்! அடுத்த வெள்ளியும் அவள் முகாம் வாசலுக்குப் போனாள். போகாமல் விட்டால் சந்தேகம் வரும். மகன் செத்துப்போனான் என்று தெரிந்துகொண்டு, அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு, "என்ட புள்ளைய எப்ப ஐயா விடுவீங்க?" என்று கேட்டாள். அருமைநாயகம் பாண் பெட்டியோடு அவளைக் கடந்து உள்ளே போனான். முகாமில் ஆட்கள் மாறினார்கள், வந்தவர்களும் போனார்கள், எவன் எதைச் சொல்லிவிட்டுப் போனான் என்று தெரியாததால் பயம் மட்டும் மாறவில்லை. வருசக்கணக்காக இது நடந்தது.

மகனுக்கு எட்டுச் சடங்கும் இல்லை, முப்பத்தொன்றும் இல்லை. கோயிலில் ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்டால் உயிரோடு இருக்கிறவனுக்குச் செய்கிற மாதிரி அர்ச்சனை செய்வித்தாள். புவனாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அண்ணன் வந்தபிறகுதான் கலியாணம் என்று அவள் அடம்பிடித்தபோது, "வருவான், நீ முதல்ல கட்டு" என்று சொல்லிக் கட்டிவைத்தாள். இதையெல்லாம் கேட்க அவளுக்கு உலகத்தில் ஒருத்தி இருந்தாள் என்றால் அது புஸ்பந்தான். அவளோடும் அதைப் பேசவில்லை. பேசத் தொடங்கினால் சத்தம் வந்துவிடும். ஒவ்வொரு நத்தாருக்கும் புஸ்பம் 'நே' குத்தினாள். இரத்தினம்மா ஒவ்வொரு நத்தாருக்கும் தட்டை வாங்கி, மூன்றும் இருக்கிறதா என்று ஒழுங்கை பார்க்க எண்ணினாள்.

சண்டை முடியாமலே அருமைநாயகம் முடிந்துபோனான். இரண்டாயிரமாம் ஆண்டு, ஒரு காலை, போறணைக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியவன் எழும்பவில்லை. பந்தலில் சவப்பெட்டியை வைத்துச் சனம் கூடியிருந்தது. ஜெசிந்தாவும் றீற்றாவும் தலைமாட்டில். புஸ்பம் கல்லு மாதிரி இருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. இவ்வளவு வாய்க்காரி அழாமல் இருக்கிறாளே என்று பெண்கள் குசுகுசுத்தார்கள்.

இரத்தினம்மா வந்தாள். தலை நரைத்து, கூனிப்போய், புவனாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பெட்டியில் கிடக்கிற முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு புஸ்பத்தைப் பார்த்தாள்.

"இனி அவனுகள் ஆரப் பிடிச்சுக்கொண்டு போவானுகள், அக்கா?" என்றாள் புஸ்பம். "ஒருவரும் இல்ல. அழுங்க."

இரத்தினம்மா பெட்டியின் கால்மாட்டில் விழுந்தாள். பந்தலே அதிர்ந்தது.

"என்ட மகனே! என்ட நேசா! சாக்கு மூடிப் போனயா மனே! உன்னக் கழுவ எனக்குக் குடுத்துவைக்கல்லயே மனே! உனக்கு அழ எனக்கு வாய் இல்லாமப் போச்சே!"

சனம் திகைத்துப்போனது. செத்த வீடு மாறி அழுகிறாள், கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்றார்கள். புவனா முகம் வெளிறி, "அம்மா, என்ன சொல்லுறீங்க? அண்ணன் வருவாரெண்டு நீங்கதானேம்மா..." என்று அவளை உலுப்பினாள். யாரோ இரத்தினம்மாவைத் தூக்க வந்தார்கள்.

"அவவத் தொடாதீங்க!" என்று கத்தினாள் புஸ்பம். எழும்பிப் போய் இரத்தினம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தானும் "நேசா, நேசா" என்று குழறினாள். பெட்டியைத் தூக்கும்வரை அந்த ஒரு பெயரைத்தான் இரண்டு பேரும் சொல்லி அழுதார்கள். தன் புருசனுக்கு அழப் புஸ்பத்துக்கு அடுத்த நாள்தான் முடிந்தது.